உயிரியல் பூங்காவில் பயாலஜிஸ்ட் வேலை: சேலத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

கண்ணங்குறிச்சியில் பிறந்து, மூக்கனேரிக் கரையில் கொக்கையும் நீர்க்காகத்தையும் பார்த்து வளர்ந்தவள் நான். அரசு உயிரியல் பூங்கா ஒன்றில் பல ஆண்டுகளாக உயிரியலாளராக வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேள்வியோடு வருவார். விலங்கியல் படிக்கும் மாணவர்கள், மகளை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்று தயங்கும் அம்மாக்கள், குரும்பப்பட்டிப் பூங்காவைச் சுற்றிவிட்டு வந்த சின்னப் பிள்ளைகள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது என் அனுபவம். எந்தப் பூங்காவின் சார்பாகவும் நான் பேசவில்லை.

பயாலஜிஸ்ட் என்றால் விலங்கு டாக்டர்தானே?

இல்லை. ஊசி போடுவதும் மருந்து எழுதுவதும் கால்நடை மருத்துவர். தினமும் தீனி வைத்து, கூண்டைக் கழுவி, கதவைத் திறந்து மூடுகிறவர் கீப்பர். இந்த இருவருக்கும் நடுவில் நோட்டும் கையுமாக நிற்கிற ஆள்தான் பயாலஜிஸ்ட். எந்த விலங்குக்கு எவ்வளவு தீனி, எதை எதோடு சேர்த்து விடலாம், எதைப் பிரிக்க வேண்டும், எப்போது குட்டி வரும், யாருக்கு யார் தாய் தகப்பன், அடைப்புக்குள் என்ன மரம் நட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் பொறுப்பு. பதிவேடுகளும் எங்கள் கையில்தான்.

இதற்கெல்லாம் அடியில் இருக்கிற வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு விலங்கின் வழக்கத்தையும் தெரிந்து வைத்திருப்பது. வீட்டு நாய்க்குக் காய்ச்சல் வந்தால் நம் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். காட்டு விலங்கு அப்படிக் காட்டாது. கூட்டத்தில் தளர்ந்து தெரிகிற மான்தான் முதலில் இரையாகும். அதனால் நிற்க முடிகிற கடைசி நிமிடம் வரை அது நன்றாக இருப்பது போலவே நிற்கும். நோய் வெளியே தெரியும்போது பாதி நேரம் கடந்துபோயிருக்கும். அதற்கு முன்பே, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஆறரைக்குள் உள்ளே இருப்பேன். வாசல் திறப்பதற்கு முன்பான அந்த நேரம்தான் எனக்குத் தங்கம். ஆள் சத்தம் இருக்காது, விலங்குகள் தங்கள் இயல்பில் இருக்கும். முதலில் தலை எண்ணிக்கை. எண்பது புள்ளிமானை எண்ணுவது சுலபமில்லை, அவை ஓடாமல் இருக்கும்போது எண்ண வேண்டும். அடுத்து, இரவு வைத்த தீனியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். அதற்கடுத்து சாணம். மான் புழுக்கை உருண்டை உருண்டையாகப் பிரிந்து கிடந்தால் நல்லது. ஒட்டிக்கொண்டு கட்டியாகக் கிடந்தால் தீனியிலோ குடலிலோ ஏதோ மாறியிருக்கிறது. சந்தேகம் வந்தால் கொஞ்சம் எடுத்து உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்து வருகிற புழு முட்டைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். காலையில் சாணத்தைக் கையில் எடுத்துப் பார்க்கக் கூசுகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

சுற்றி வரும்போதே கீப்பர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைப் பற்றி ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கடமான் அடைப்பைப் பார்த்துக்கொள்ளும் கீப்பர் அண்ணன் ஒரு நாள் காலையில், "இன்னிக்கு அந்தப் பெட்டை சரியில்லைங்க மேடம்" என்றார். என்ன சரியில்லை என்று கேட்டேன். "எப்பவும் தொட்டிக்கு ரெண்டாவதா வரும், இன்னிக்குக் கடைசியா வந்துச்சுங்க" என்றார். நான் போய்ப் பார்த்தேன். அது தின்றுகொண்டிருந்தது, அசை போட்டது, காதைத் திருப்பியது. நோட்டில் இயல்பு நிலை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். மறுநாளும் அவர் அதையே சொன்னார். நானும் அதையே எழுதினேன். மூன்றாம் நாள் அது எழவில்லை. டாக்டர் வந்து எவ்வளவோ பார்த்தும் மாலைக்குள் போய்விட்டது. பிரேதப் பரிசோதனையில் இரைப்பைக்குள் தேங்காய் அளவுக்குப் பிளாஸ்டிக் பைகள் சுருண்டு கிடந்தன.

முதல் நாளே டாக்டரிடம் சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு நாள் கிடைத்திருக்கும். அந்த இரண்டு நாளை வீணாக்கியது நான்தான். அதற்குப் பிறகு கீப்பர் "சரியில்லைங்க" என்று சொன்னால், காரணம் எனக்குப் புரிகிறதோ இல்லையோ, அவர் சொன்ன சொல்லை அப்படியே நோட்டில் எழுதி, டாக்டருக்குப் போன் செய்துவிடுவேன்.

பகலில் தீனிக்கூடம், பதிவேடு, கடிதங்கள். மதியத்துக்கு மேல் ஏதாவது ஒரு அடைப்பின் முன் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எந்த விலங்கு என்ன செய்கிறது என்று குறிப்பேன். தூங்குகிறது, மேய்கிறது, ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கிறது என்று கட்டம் போட்ட தாளில் கோடுகள் சேரும். அந்தக் கடைசி வகைக் கோடுகள் கூடிக்கொண்டே போனால் அந்த விலங்கின் இடத்தில் ஏதோ குறை இருக்கிறது. சாயங்காலம் இரவுக் கூண்டுகளுக்குள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டுத்தான் வீடு.

என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூவில் உயிரியல் இருக்க வேண்டும். பிறகு விலங்கியலில் இளங்கலை, விலங்கியலிலோ வனவிலங்கு உயிரியலிலோ முதுகலை. சேலத்தில் இருக்கிறவர்களுக்கு விலங்கியலுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 1857-இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. வனவிலங்கு உயிரியலைத் தனிப் பாடமாகப் படிக்க விரும்பினால் மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியும் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியிருக்கின்றன. ஆராய்ச்சி என்றால் கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையம், டேராடூனில் 1982-இல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனம்.

மருத்துவராக ஆசை என்றால் வழி வேறு. அது ஐந்தரை ஆண்டுக் கால்நடை மருத்துவப் படிப்பு. நாமக்கல்லில் 1985 முதல் கல்லூரி இருக்கிறது. இப்போது நம் மாவட்டத்திலேயே தலைவாசலிலும் வந்துவிட்டது.

பட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, எக்செல் தெரிந்திருப்பது. பூங்காவின் வரவு, பிறப்பு, இறப்பு எல்லாம் கணக்குதான். மார்ச் 31 நிலவரப்படி எத்தனை விலங்குகள் இருக்கின்றன என்ற பட்டியலை ஏப்ரல் 30-க்குள் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு எண் பிசகினாலும் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். இரண்டு, கீப்பர்களோடு மரியாதையாகப் பேசத் தெரிந்திருப்பது. படித்த திமிரோடு வருகிறவர்களுக்கு அவர்கள் எதையும் சொல்ல மாட்டார்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவள், இது எனக்கு முடியுமா?

முடியும். நானும் தமிழ் மீடியம்தான். அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கும், ஒரு வருடத்தில் பழகிவிடும். கீப்பர்களின் பேச்சைப் புரிந்துகொள்வதில் உங்களுக்குத்தான் முன்னிலை.

வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி? சம்பளம் போதுமா?

உயிரியலாளர் பணியிடங்கள் குறைவு. பல இடங்களில் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கிறார்கள். வனத்துறையும் பூங்காக்களும் வெளியிடும் அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிரந்தர அரசு வேலைதான் வேண்டும் என்றால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வு, மத்திய அளவில் இந்திய வனப்பணித் தேர்வு இரண்டும் உண்டு. அந்த வழியில் போனால் பூங்காவில் சில ஆண்டு, காட்டில் சில ஆண்டு என்று மாறிக்கொண்டே இருப்பீர்கள். பணம் கொடுத்தால் பூங்காவில் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றிச் சொன்னால், ஒப்பந்த வேலையில் குடும்பத்தைத் தனியாகத் தாங்குவது கடினம். இதை மறைத்து யாரையும் இந்த வேலைக்கு இழுக்க நான் விரும்பவில்லை. இந்தக் குறையைப் பற்றி என்னைப் போன்றவர்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா? ஆபத்தில்லையா?

தாராளமாக அனுப்பலாம். ஆபத்து இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. சிறுத்தையும் புலியும் இருக்கிற இடத்தில் இரட்டைக் கதவு, பூட்டு, சாவி ஒழுங்கு எல்லாம் கடுமையாக இருக்கும். அங்கே எல்லோரும் பயத்தோடு இருப்பதால் கவனமும் இருக்கும். அடிபடுவதெல்லாம் சாதுவென்று நினைக்கிற விலங்கிடம்தான். கொம்பின் மேல் வெல்வெட் தோல் உரிந்து, கொம்பு இறுகி நிற்கும் பருவத்தில் ஆண் புள்ளிமான் நேற்று வரை தெரிந்த ஆளையும் முட்டும். அந்த நாட்களில் அடைப்புக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது.

குரங்கு கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. காசநோய்ப் பரிசோதனையும் எங்களுக்கு உண்டு. விலங்கிடமிருந்து நமக்கு வருவது போலவே நம்மிடமிருந்து குரங்குக்கும் மானுக்கும் போகும். எனக்கு இருமல் இருந்தால் நான் குரங்குக் கூண்டுப் பக்கமே போவதில்லை.

பிள்ளைகள் ஆசையாக ஒரு பழம் போட்டால் என்ன கெட்டுவிடும்?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவின்படி பூங்கா விலங்கைச் சீண்டுவது, காயப்படுத்துவது, அதற்குத் தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, வளாகத்தில் குப்பை போடுவது எல்லாமே குற்றம். தீனி போடுவதும் சீண்டுவதும் ஒரே வரியில் வருவதைக் கவனியுங்கள்.

அடுத்து வயிறு. மானின் வயிறு மாட்டு வயிறு போல நான்கு அறை கொண்டது. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து புல்லையும் இலையையும் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. அங்கே சோறோ பிரெட்டோ பிஸ்கட்டோ போய் விழுந்தால் மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். நல்ல நுண்ணுயிர்கள் சாகும், வயிறு ஸ்தம்பிக்கும். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று மாடு செத்துப்போன கதை கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அதேதான் இங்கேயும். ஒரு குடும்பம் போடுவது ஒரு பிஸ்கட். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் குடும்பம் வருகிறது.

பிஸ்கட் வாசம் ஒட்டிய கவரையும் மான் சேர்த்தே விழுங்கும். அது சாணத்தில் வெளியே வராது, செரிக்கவும் செய்யாது. மேலே சொன்ன கடமான் வயிற்றில் கிடந்த பைகளில் ஒன்றில் கடைப் பெயர் கூட வாசிக்கிற மாதிரி இருந்தது.

நம் மாவட்டத்துக்கென்றே ஒன்று சொல்கிறேன். சேலம், ஆத்தூர்ப் பக்கம் எங்கு பார்த்தாலும் மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற கிழங்கு. மரவள்ளி இலையிலும் கிழங்குத் தோலிலும் மென்றால் சயனைடு வெளியிடும் பொருள் இருக்கிறது. ஒரு பெரியவர் ஒரு முறை தன் தோட்டத்திலிருந்து பசுமையான மரவள்ளித் தழையைக் கட்டிக்கொண்டு மானுக்கென்று கொண்டுவந்தார். வாசலிலேயே நான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் மனதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. விளக்கிச் சொன்னதும், "எங்க ஆடு ரெண்டு இப்படித்தாம்மா போச்சு, காரணமே தெரியாம இருந்துச்சு" என்றார். வறட்சியில் வாடிய இளம் சோளப் பயிரிலும் இதே நஞ்சு உண்டு. சவுண்டல் என்கிற சூபாபுல் தழையை மட்டுமே தொடர்ந்து போட்டாலும் முடி கொட்டும். நாங்கள் தீவனம் வாங்கும்போது இதையெல்லாம் பார்த்துத்தான் வாங்குகிறோம். கோ-4 புல், வேலிமசால், அகத்தி, ஆலந்தழை, கொஞ்சம் தவிடும் பிண்ணாக்கும், தாது உப்புக் கலவை என்று எடை போட்டுத்தான் வைக்கிறோம்.

குரங்குக்குப் பழம் நல்லதுதானே என்பார்கள். காட்டுப் பழத்தில் நார் அதிகம், சர்க்கரை குறைவு. நாம் சந்தையில் வாங்குகிற வாழையும் மாம்பழமும் மனிதர்கள் தித்திப்புக்காகவே பல நூறு ஆண்டுகள் பொறுக்கி வளர்த்தவை. சேலத்து மாம்பழம் குரங்குக்கு மிட்டாய் மாதிரி. அதனால் இப்போது பூங்காக்களில் பழத்தைக் குறைத்து, காயும் கீரையும் இலைதழையும் கூட்டுகிறோம்.

பூங்காவோடு இது முடிவதில்லை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நாட்டுக்குரங்குகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை காட்டுக்குள் இலை, பூச்சி, பழம் என்று நாளெல்லாம் தேடித் தின்ன வேண்டியவை. காரிலிருந்து விழுகிற சிப்ஸுக்காகக் காத்திருக்கின்றன. குட்டிகள் சக்கரத்தில் மாட்டுகின்றன. கொடுக்காதவர் கையைப் பிடுங்குகின்றன, பிறகு குரங்குத் தொல்லை என்று புகார் போகிறது. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இந்தக் குரங்கினம் இப்போது அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள்.

சேலத்து வெயிலை விலங்குகள் எப்படித் தாங்கும்?

மலையில் ஏறினால் குளிர், அடிவாரத்தில் இறங்கினால் சூடு. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் இது. மாசியிலேயே நாங்கள் ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். தகரக் கூரைமேல் தென்னங்கீற்று, அடைப்பின் ஓரங்களில் நிழல்வலை, தண்ணீர்த் தெளிப்பான். கடமானுக்குச் சேற்றுக்குழி கட்டாயம். அது சேற்றில் புரண்டு உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வந்தால்தான் அதற்கு நிம்மதி. பார்வையாளர்கள் சிலர் அழுக்காக இருக்கிறதே, குளிப்பாட்டக் கூடாதா என்று கேட்பார்கள். அந்தச் சேறுதான் வெயிலிலிருந்தும் ஈக்களிடமிருந்தும் அதைக் காக்கிறது.

தீனியை விடியலுக்கும் சாயங்காலத்துக்கும் மாற்றிவிடுவோம். கூழைக்கடா வாயைத் திறந்து தொண்டைத் தோலைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். அது அதன் விசிறி, பயப்பட வேண்டாம். ஆனால் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றால் உடனே சொல்லுங்கள். பார்வையாளர் ஒருவர் சொல்லி நாங்கள் காப்பாற்றிய பறவைகள் உண்டு.

முதலைக்கு இந்த ஊர்ச் சூடு பிடிக்கும். மார்கழிக் குளிரில்தான் அது தீனியைத் தொடாமல் கிடக்கும், நாங்களும் குறைத்துவிடுவோம். வெப்பத்துக்கும் முதலைக்கும் இன்னொரு உறவும் உண்டு. குட்டி ஆணா பெண்ணா என்பது முட்டை புதைந்திருக்கும் மணலின் சூட்டைப் பொறுத்தது. சதுப்புநில முதலைக்கு 31 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்தால் பெண், 32.5 டிகிரிக்கு அருகில் ஆண். ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் ஒரு தலைமுறையே மாறிவிடுகிறது. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மான்கள் பெருகினால் நல்லதுதானே, ஏன் பிரித்து வைக்கிறீர்கள்?

ஒரு ஆண் புள்ளிமானையும் பத்துப் பெட்டைகளையும் சேர்த்து விட்டால் காகிதக் கணக்கில் ஆறே ஆண்டில் கூட்டம் நூறைத் தாண்டும். இடம் அதேதான், தீவனக் காசும் அதேதான். நெருக்கடி கூடினால் சண்டை, புழு, நோய். அதைவிடப் பெரிய கவலை, எல்லாமே ஒரே தகப்பனின் பிள்ளைகளாகிவிடும். இரத்த உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் குட்டிகள் தளர்ந்து பிறக்கும். அதனால்தான் ஆண்களைத் தனியாக வைக்கிறோம், வம்சாவளிப் பதிவேடு எழுதுகிறோம், ஆணையத்தின் அனுமதியோடு வேறு பூங்காக்களோடு மாற்றிக்கொள்கிறோம். புதிதாக வருகிற விலங்கு குறைந்தது 30 நாள் தனிமையில் இருந்த பிறகுதான் மற்றவற்றோடு சேரும்.

1976-இல் சென்னைக்கு அருகே தொடங்கிய முதலைப் பண்ணையில் முதலைகள் நன்றாகப் பெருகின. ஆனால் அத்தனையையும் விடுவதற்கு ஆறும் ஏரியும் இல்லை. பெருக்குவது எளிது, பெருகியதற்கு வாழ இடம் காட்டுவதுதான் கடினம் என்பது அங்கிருந்து நாங்கள் எல்லோரும் படித்த பாடம்.

மானைப் பிடித்து வேறு இடத்துக்கு மாற்றுவதும் லேசில்லை. துரத்திப் பிடித்தால் பயத்திலும் ஓட்டத்திலும் தசை சிதையும், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். வண்டியில் ஏறும்வரை நன்றாக இருந்த மான் அடுத்த நாள் செத்துக் கிடக்கும். அதனால் வாரக்கணக்கில் ஒரு சின்ன வளைப்புக்குள் தீனி வைத்துப் பழக்கி, அது தானாக உள்ளே வரும் நாளுக்காகக் காத்திருப்போம். பட்டாசுச் சத்தத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. மிரண்ட மான் கம்பி வேலியைக் காணாமல் முட்டும். தீபாவளிக்கு முன்பு வேலியில் பச்சை வலை கட்டுவது, அங்கே தடுப்பு இருக்கிறது என்று அதன் கண்ணுக்குத் தெரிவதற்காக.

விலங்கு இறந்தால் என்ன செய்வீர்கள்?

ஒவ்வொரு இறப்புக்கும் மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. வயதாகிப் போனாலும் சரி, பிறந்த அன்றே போனாலும் சரி. நான் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பேன். பிறகு எரிப்பதோ புதைப்பதோ உண்டு. கொம்பு, தோல் எதையும் யாரும் எடுத்துப்போக முடியாது.

அழுவீர்களா என்று கேட்பார்கள். அழுவோம். கடமான் போன அன்று கீப்பர் அண்ணன் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மற்ற கடமான்களுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்தார்.

அடிபட்ட பறவை கிடைத்தால் பூங்காவில் கொண்டுவந்து கொடுக்கலாமா?

முதலில் வனத்துறை ரேஞ்ச் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அதுவரை காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாமல் வைத்தால் போதும். பாலூட்டக் கூடாது, வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. இறக்கை பாதி முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதன் தாய் அருகிலேயே இருக்கும். பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை.

வீட்டில் வளர்க்கும் பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை பற்றியும் கேட்கிறார்கள். இரண்டையும் வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமை அதிர்ஷ்டம் தரும் என்று விற்கிறவர்களால்தான் அது காட்டிலிருந்து வாரிச் செல்லப்படுகிறது. 2019-இல் உலக வணிகத்திலேயே அதற்கு முழுத் தடை விதிக்க வேண்டிய நிலை வந்தது. வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கூண்டில் அடைப்பது பாவமில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். நானே என்னைக் கேட்டுக்கொள்கிற கேள்விதான். சென்னையில் 1855-இல் தொடங்கிய பூங்கா நகரத்தின் நடுவே இரும்புக் கம்பிக் கூண்டுகளாக இருந்தது. 1985-இல் அது வண்டலூருக்கு இடம் மாறியது, இன்று அதன் பரப்பு 602 ஹெக்டேர். அந்த 130 ஆண்டுகளில் மனிதர்களின் மனம் எவ்வளவு மாறியது என்பதற்கு அந்த இட மாற்றமே சாட்சி. 1992-இல் மத்திய ஆணையம் வந்த பிறகு இடம், தண்ணீர், மருத்துவம், ஓய்வு எல்லாவற்றுக்கும் விதி வந்தது. வாரத்தில் ஒரு நாள் பார்வையாளர் இல்லாமல் மூடியிருக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. விடுமுறை நாளில் குழந்தைகளைக் கூட்டிவந்து ஏமாந்து திரும்பினால் கோபப்படாதீர்கள், அது விலங்குகளின் ஞாயிற்றுக்கிழமை.

இருந்தும் சொல்கிறேன், ஒரே தடத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒரு நரியைப் பார்த்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கும். அதற்கு நாங்கள் செய்ய முடிவது, அதன் பொழுதை வேலை நிறைந்ததாக்குவது. மூங்கில் கணுவுக்குள் நிலக்கடலையை அடைத்துத் தொங்கவிட்டால் குரங்கு அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டும். மான் படுத்த வைக்கோலை நரிக் கூண்டில் போட்டால் அது அன்றைக்கு முழுவதும் மோப்பம் பிடித்துத் திரியும். இதைக்கூடச் செய்ய முடியாத கூண்டு இருக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

எல்லா உயிரையும் பூங்காவில் வைத்துக் காக்கவும் முடியாது. சேர்வராயன் மலை மண்ணுக்குள் புதைந்து வாழும் கேடயவால் பாம்பு ஒன்று இருக்கிறது. உலகில் இந்த மலையைத் தவிர வேறெங்கும் அதைக் கண்டதில்லை. இந்த மலையிலிருந்து 2019-இல்தான் இரண்டு சிறு பல்லியினங்களை அறிவியல் முதன்முதலாகப் பெயரிட்டு அறிந்தது. அவற்றுக்குக் கூண்டு வேண்டாம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து நிழல் மரமும் ஈர மண்ணும் பாறை இடுக்கும் அப்படியே இருந்தால் போதும்.

இப்போதே பழக நான் என்ன செய்யலாம்?

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மூக்கனேரிக் கரைக்குப் போங்கள். ஏரி நடுவே மரம் வளர்ந்த திட்டுகள் தெரியும். ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள், கொக்கானாலும் போதும். ஒரு மணி நேரம் அதை மட்டும் பாருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அது என்ன செய்தது என்று எழுதுங்கள். அழகாக இருந்தது, சோகமாக இருந்தது என்றெல்லாம் எழுத வேண்டாம். நின்றது, இரண்டடி நடந்தது, கொத்தியது, மீன் கிடைக்கவில்லை, இடது காலை மடக்கியது என்று எழுதுங்கள். பத்து நிமிடத்தில் சலிப்பு வரும், போனை எடுக்கத் தோன்றும். இருபது நிமிடம் தாண்டினால் அது எப்போது கொத்தப் போகிறது என்று முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும். இப்படி வாரம் ஒருமுறை, மூன்று மாதம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்கு வந்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். அவள் சான்றிதழ்களைவிட அந்த நோட்டைத்தான் தேர்வுக் குழுவினர் அதிக நேரம் புரட்டினார்கள்.

நீங்கள் லீவில் போனால் விலங்குகள் உங்களைத் தேடுமா?

இது ஐந்தாம் வகுப்புப் பையன் கேட்டது. என்னைத் தேடாது கண்ணா. கீப்பர் அண்ணனைத் தேடும். அவர் பைக் வாசலில் திரும்பும்போதே கடமான்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் காதைத் திருப்பும். அவர் லீவு போட்ட நாளில் யார் தழை வைத்தாலும் முதல் கால் மணி நேரம் தொட்டிக்கு வராது. அதையும் நான் நோட்டில் எழுதி வைக்கிறேன்.